குழலின் மறுமுனை

பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் இரண்டு வெண்கலம் வாங்கிய 2024க்குப் பிறகு நம் ஊர் மேடைப் பேச்சில் ஒரு புதுச் சரக்கு சேர்ந்திருக்கிறது. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலகக் கிண்ணத்தில் தங்கம் சுடலாம் என்றால் எட்டியாந்தோட்டைப் பிள்ளையால் ஏன் முடியாது? தோட்டப் பாடசாலைகளுக்கும் மாணவர் படையணியைக் கொண்டுவாருங்கள், பிள்ளைகளின் கையில் றைபிளைக் கொடுங்கள், பதக்கமும் வரும், ஒழுக்கமும் வரும், பாதுகாப்பும் வரும் என்கிறார்கள். முதல் இரண்டோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை. மூன்றாவதுதான் பல வருடமாகத் தொண்டையில் சிக்கிய முள்.

விளையாட்டை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பத்து மீற்றர் காற்றுத் துவக்குப் போட்டியைவிட அமைதியான விளையாட்டு குறைவு. சன்னம் 4.5 மில்லிமீற்றர், இலக்கின் நடுப்புள்ளி அரை மில்லிமீற்றர். மூச்சை அடக்கி, நெஞ்சுத் துடிப்பு தணியும் நொடிக்காகக் காத்திருந்து விசையை அழுத்த வேண்டும். உயரமும் தசையும் பெரிதாக உதவாது. 1994இல் விக்டோரியாவில் நடந்த பொதுநலவாயப் போட்டியில் இந்த விளையாட்டில் இலங்கைக்குத் தங்கம் கொண்டுவந்தவர்கள் புஷ்பமாலி ராமநாயக்க, மாலினி விக்ரமசிங்க என்ற இரு பெண்கள். ஒழுங்காக நடத்தப்படும் சுடுதளத்தில் விபத்து அரிது என்பதும் உண்மை. ஒரு நல்ல றைபிளும் அதற்குரிய விறைப்பான மேலங்கியும் வாங்கக் கொழுந்தெடுக்கும் ஒரு தாய் எத்தனை மாதம் மலை ஏற வேண்டும் என்ற கணக்கை மட்டும் மேடையில் யாரும் சொல்வதில்லை.

ஒழுக்கமும் அப்படித்தான். 1881இல் கொழும்பு றோயல் கல்லூரியில் தொடங்கிய மாணவர் படை இன்று நாடு முழுக்கப் பரவியிருக்கிறது. ரந்தம்பை முகாமுக்குப் போய் வந்த பிள்ளைகள் நேரத்துக்கு எழுகிறார்கள், சப்பாத்தைத் துடைக்கிறார்கள், கூட்டத்தின் முன் கூச்சமில்லாமல் நிற்கிறார்கள். நல்லது. 2011இல் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவான பிள்ளைகளை இராணுவ முகாம்களுக்கு அனுப்பியபோதும் இதே ஒழுக்கத்தைத்தான் காரணமாகச் சொன்னார்கள் என்று நினைவூட்டி நகர்கிறேன்.

இனி பாதுகாப்பு. துவக்கைத் தெரிந்தவனுக்குத் துவக்கால் ஆபத்து வராது என்பதுதான் வாதம். சுடுதளங்களில் உலகம் முழுக்கச் சொல்லிக்கொடுப்பது, ஜெஃப் கூப்பர் என்ற அமெரிக்கர் தொகுத்த நான்கு விதிகளை ஒட்டியது. எந்தத் துவக்கிலும் ரவை இருப்பதாகவே நினை. அழிக்க விரும்பாத எதன்மீதும் குழலைத் திருப்பாதே. குறி இலக்கில் படியும்வரை விசையில் விரல் வைக்காதே. இலக்கையும் இலக்குக்குப் பின்னால் இருப்பதையும் தெரிந்துகொண்டு சுடு. நான்கும் நல்ல விதிகள். நான்கும் துவக்கைக் கையில் வைத்திருப்பவனைப் பார்த்துச் சொல்லப்பட்டவை.

சப்ரகமுவத் தோட்டங்களில் ஆளை வீழ்த்தும் துவக்கை யாரும் கையில் வைத்திருப்பதில்லை.

கட்டுத்துவக்கைப் பற்றி வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை. ஓர் இரும்புக் குழாய், உள்ளே மருந்தும் ஈயத் துண்டும். பன்றியின் உயரத்துக்கு மரத்தில் கட்டி, பன்றி வரும் தடத்தின் குறுக்கே மெல்லிய கம்பியை இழுத்துவிட்டு, கட்டியவன் வீட்டுக்குப் போய்விடுவான். கம்பியைத் தட்டும் கால் பன்றியுடையதா, பால் வெட்டப் போகிறவருடையதா என்று பார்க்க அங்கே கண் கிடையாது. விசையிலிருந்து விலக்கிக்கொள்ள விரலும் கிடையாது. பன்றியின் நெஞ்சு உயரம் என்பது மனிதனுக்கு முழங்கால். அதனால்தான் இந்தத் துவக்கில் அடிபட்டு ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் முழங்காலிலும் தொடையிலும் காயம். எலும்பு நொறுங்கி, இரத்தக் குழாய் அறுந்து, பிழைத்தாலும் காலை எடுக்க வேண்டி வருகிறது. நான்கு விதிகளையும் மனப்பாடமாகச் சொல்லக்கூடிய பிள்ளையும் அந்தக் கம்பியின் முன் வெறும் கால்தான்.

இதைக் கட்டுகிறவனை அரக்கன் என்று நான் சொல்ல வரவில்லை. ஒரே இரவில் மரவள்ளியை உழுதுவிட்டுப் போகும் பன்றிக் கூட்டத்தின் முன் சிறு தோட்டக்காரன் என்ன செய்வான்? தோட்டங்கள் கம்பெனிகளின் கைக்குப் போன 1992க்குப் பிறகு எத்தனை மலைகள் கவ்வாத்தும் களையெடுப்பும் இல்லாமல் காடாகிப் போயின என்பதை லயத்து ஆட்களிடம் கேட்டால் மலை மலையாகப் பெயர் சொல்வார்கள். தேயிலை மரமாக வளர்ந்து நிற்கும் அந்தப் புதர்தான் பன்றிக்கு வீடு. அதே புதருக்குத்தான் பெண்கள் விறகுக்குப் போகிறார்கள், பிள்ளைகள் குறுக்குவழியாகப் பாடசாலைக்குப் போகிறார்கள். 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கத்தில் கம்பிச் சுருக்கில் மாட்டிய கருஞ்சிறுத்தை சில நாளில் செத்தபோது நாடே கண்ணீர் விட்டது. நானும் வருந்தினேன். கட்டுத்துவக்கில் காலை இழக்கும் தொழிலாளிக்குப் பத்திரிகையின் உள்பக்கத்தில் நாலு வரி.

துவக்கோடு பழகிய பிள்ளை ஆபத்தை அடையாளம் கண்டு விலகும் என்று பதில் சொல்வார்கள். பழக்கம் ஜாக்கிரதையைத் தரும் என்ற நம்பிக்கையை அமெரிக்காவில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 2001இல் வெளியான அட்லாண்டா ஆய்வு ஒன்றில், எட்டு முதல் பன்னிரண்டு வயதுவரையான 64 சிறுவர்களைச் சிறு சிறு குழுக்களாக ஓர் அறையில் விட்டார்கள். ஓர் இழுப்பறையில் நிஜக் கைத்துப்பாக்கி ஒன்று, ரவை இல்லாமல், ஒளித்து வைக்கப்பட்டிருந்தது. 48 பேர் அதைக் கண்டுபிடித்தார்கள். 30 பேர் கையில் எடுத்தார்கள். 16 பேர் விசையை இழுத்தே பார்த்தார்கள். எடுத்தவர்களிலும் இழுத்தவர்களிலும் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் முன்பே ஏதோ ஒரு வகையில் துப்பாக்கிப் பாதுகாப்புப் பாடம் பெற்றவர்கள். பெரியவர்கள் சொல்லிக்கொடுத்த பாடம் அவர்கள் இல்லாத அறைக்குள் வரவில்லை. அங்கேயாவது பிள்ளைக்கு எடுப்பதா விடுவதா என்று தீர்மானிக்க ஒரு நொடி இருந்தது. கம்பி அந்த நொடியைக்கூடத் தராது.

இந்தப் பாடம் குழலின் எந்த முனையில் நிற்பவனுக்கானது என்பதே என் நெடுநாள் கேள்வி. தோட்டங்களின் வரலாற்றில் றைபிள் சுடக் கற்றவர்கள் யார் என்று பாருங்கள். 1900இல் துரைமார் தங்களுக்கென்று ஒரு படையே வைத்துக்கொண்டார்கள், சிலோன் பிளாண்டர்ஸ் றைபிள் கோர். வெள்ளைக்காரத் துரைகள் மட்டும் சேர்ந்த அது போவர் யுத்தம்வரை போய் வந்து, 1949இல்தான் கலைந்தது. பிரட்டுக்களத்தில் நின்ற தொழிலாளர்களுக்கு அதில் இடம் இருக்கவில்லை. அவர்கள் துவக்கை அறிந்த விதம் வேறு. 1940 ஜனவரி 10ஆம் தேதி முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தத்தின்போது பொலிசின் சூட்டில் விழுந்தவர் கோவிந்தன். 1977 மே மாதம் காணிக்காகப் போராடியபோது டெவன் தோட்டத்தில் விழுந்தவர் சிவனு லெட்சுமணன். இவை மத்திய மாகாணத்துக் கதை என்று யாராவது எழுந்தால், சப்ரகமுவக்காரர்களுக்கு 1981 ஆகஸ்ட் போதும். இறக்குவானை, காவத்தை, பெல்மதுளை, பலாங்கொடை என்று லயங்கள் தாக்கப்பட்ட அந்த நாட்களில் ஓடியவர்களுக்குச் சட்டத்தின் துவக்கு காவலாக வந்து நிற்கவில்லை. இத்தனை தலைமுறையாகக் குழலுக்கு முன்னால் நின்ற ஒரு சமூகத்தின் பிள்ளைக்கு, குழலுக்குப் பின்னால் எப்படி நிற்பது என்று கற்றுக்கொடுத்துவிட்டு அதற்குப் பாதுகாப்பு என்று பெயர் வைக்கிறோம்.

பின்னால் நிற்கும் வாய்ப்பாவது உண்டா? 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டப்படி துவக்குக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும், அதை வருடாவருடம் புதுப்பிக்க வேண்டும். பயிர்க் காவலுக்குத் துவக்குக் கேட்பவர் தன் காணியைக் காட்ட வேண்டும். லயத்து அறையில் இருப்பவர் எதைக் காட்டுவார்? கூரைகூடக் கம்பெனியுடையது. இந்தப் பிள்ளை படித்து முடித்தாலும் சட்டப்படி ஒரு துவக்கைக் கையில் எடுக்கும் சந்தர்ப்பம் அநேகமாகப் படையிலோ பொலிசிலோதான் கிடைக்கும். கட்டுத்துவக்குக்கு அனுமதிப்பத்திரமும் கிடையாது, அதைக் கட்டுகிறவன் எந்தச் சுடுதளத்திலும் பயின்றவனும் கிடையாது.

கொஞ்சம் கடுமையாகப் பேசுகிறேன் என்று தெரிகிறது. மாணவர் படையணி தன் வேலையைச் செய்கிறது, பன்றிக்கு அது பொறுப்பல்ல என்பார்கள். சரி. ஆனால் பாதுகாப்புக்கென்று ஒதுக்க ஒரு பாடவேளை இருக்கிறதென்றால் அதில் சொல்ல வேண்டியவை தோட்டத்திலேயே கிடக்கின்றன. பன்றித் தடம் எப்படி இருக்கும், எந்த மாதத்தில் எந்த எல்லையில் கட்டுவார்கள், முழங்கால் உயரத்தில் கம்பி மின்னினால் என்ன செய்வது. முன்னால் போனவர் விழுந்தால் உடனே ஓடிப்போய்த் தூக்கக் கூடாது, ஏனென்றால் ஒன்றைக் கட்டியவன் பக்கத்தில் இன்னொன்றும் கட்டியிருக்கலாம். காலடியைப் பார்த்துப் பார்த்து நெருங்கி, தொடையில் பீறிடும் இரத்தத்தைத் துணியால் அழுத்திப் பிடித்து, அழுத்தத்தை விடாமல் வண்டிக்குக் கொண்டுபோக வேண்டும். விறகுக்குப் போகும் அம்மாவும் பால் வெட்டப் போகும் மாமாவும் வந்து உட்காரக்கூடிய பாடம் இது. பக்கத்துச் சிங்களக் கிராமத்துப் பாடசாலையையும் சேர்த்துக்கொண்டால் இன்னும் நல்லது. கம்பி கட்டப்படும் தடங்கள் அங்கே உள்ளவர்களுக்குத் தெரியும், அவர்களுடைய பிள்ளைகளும் அதே புதரைத்தான் கடக்கிறார்கள்.

அதெல்லாம் பொலிசும் வனஜீவராசித் திணைக்களமும் பார்க்க வேண்டிய வேலை, பாடசாலையுடையதல்ல என்று பதில் வரலாம். அப்படியானால் றைபிளை விளையாட்டு அறையில் வையுங்கள். கரப்பந்துக்கும் எல்லேக்கும் கேட்பதுபோல அதற்கும் விளையாட்டு அமைச்சிடம் காசு கேளுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன். பன்றித் தடத்தில் சுள்ளி பொறுக்கும் பிள்ளையைக் காரணம் காட்டி அந்தக் காசைக் கேட்காதீர்கள்.