போர்வை சூடு தருவதில்லை

அமெரிக்காவின் வட மாநிலங்களில் வேட்டைச் சாமான் விற்கும் கடைகளில் ஒரு வகைப் போர்வையைக் காணலாம். உறைக்குள் திணித்தால் தேங்காய் அளவு. உதறி விரித்தால் ஓர் ஆளை மூடும் அளவு. எடை அரைக் கிலோவுக்குச் சற்று மேல். அதன் அட்டையில் எடையும், மடித்த அளவும், 800 என்றோ 600 என்றோ ஓர் எண்ணும் அச்சிட்டிருக்கும். சில அட்டைகளில் “உடற்சூட்டில் 90 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும்” என்ற வாசகமும் உண்டு. குளிரில் உட்காரப் போகிறவருக்கு மிகவும் தேவையான ஒரு விவரம் மட்டும் பெரும்பாலும் இருக்காது. விரித்துப் போட்டால் அந்தப் போர்வை எத்தனை சென்டிமீட்டர் தடிமன்?

இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டைக்குக் கதவை அடைத்துவிட்டது. விஸ்கான்சின் போன்ற மாநிலங்களிலோ அனுமதிச் சீட்டுப் பெற்று மான் வேட்டையாடுவது சட்டப்படி நடக்கிறது. நவம்பர் இறுதியில் ஒன்பது நாட்கள் துப்பாக்கி வேட்டைக்கு உரியவை. விடியுமுன் காட்டுக்குள் நடந்து, மரத்தில் கட்டிய பரணில் ஏறி, வெண்வால் மான் வரும்வரை அசையாமல் காத்திருக்க வேண்டும். நம் தினைப்புனப் பரணில் இருப்பவர் கூவிக் கவண் எறிவார். இங்கே இருப்பவர் மூச்சைக்கூட மெதுவாக விடுவார். போர்வையின் வேலை இந்த அசையாமையில்தான் தொடங்குகிறது.

பள்ளியில் படித்ததைச் சற்று நினைவுக்குக் கொண்டு வாருங்கள். போர்வை தானாகச் சூடு எதையும் தருவதில்லை. சும்மா உட்கார்ந்திருக்கும் நம் உடலே ஏறத்தாழ 100 வாட் வெப்பத்தை வெளியிடும் அடுப்பு. அந்த வெப்பம் தப்பி ஓடும் வேகத்தைக் குறைப்பதே போர்வையின் பணி. குறைப்பது துணியும் அன்று, பஞ்சும் அன்று. பஞ்சின் இழைகளுக்கிடையே சிறைப்பட்டு அசையாது நிற்கும் காற்று. அசையாத காற்று வெப்பத்தை அரிதாகவே கடத்தும். தண்ணீரோ அதைப்போல் இருபது மடங்குக்கு மேல் கடத்தும்.

உடைகளின் காப்புத் திறனை அளக்க 1941இல் ‘குளோ’ என்ற அலகை வகுத்தார்கள். 21 டிகிரி செல்சியஸ் அறையில் அமர்ந்திருப்பவருக்கு வசதியாக இருக்கும் உடையின் காப்பு ஒரு குளோ. ஒரு சென்டிமீட்டர் தடிமனுள்ள நல்ல பஞ்சடைப்பு சுமார் ஒன்றரை குளோ தரும். இனி ஒரு சிறு கணக்கு. பூஜ்யத்துக்குக் கீழே 10 டிகிரிக் குளிரில் மூட்டையுடன் நடப்பவரின் உடல், உட்கார்ந்திருப்பவரின் உடலைப்போல் மூன்று மடங்கு வெப்பத்தை உண்டாக்குகிறது. அவருக்குச் சுமார் 2 குளோ போதும். அவரே பரணில் அமர்ந்துவிட்டால் ஏறத்தாழ 6 குளோ வேண்டும். 6 குளோ உடையுடன் நடந்தால் வியர்த்து நனைவார். 2 குளோவுடன் அமர்ந்தால் விறைத்துப் போவார். இடைவெளியில் உள்ள 4 குளோவைத்தான் அவர் முதுகில் சுமந்து செல்கிறார். ஆகவே சுருட்டி எடுத்துச் செல்லக்கூடிய போர்வை வீண் ஆடம்பரம் அன்று. அதன் மேலுள்ள அட்டையோடுதான் நமக்கு வழக்கு.

முதலில் அந்த 800 என்ற எண். வாத்து, கூஸ் ஆகியவற்றின் நெஞ்சுத் தூவி எவ்வளவு உப்பும் என்பதைக் காட்டும் எண் இது. ஓர் அவுன்ஸ் தூவி, குறிப்பிட்ட சிறு பளுவின் கீழ் எத்தனை கன அங்குலம் இடத்தை நிரப்புகிறது என்று அளந்து இதைச் சொல்கிறார்கள். 800 என்றால் 600ஐவிடச் சூடு அதிகம் என்று வாங்குபவர் நினைக்கிறார், விற்பவரும் திருத்துவதில்லை. உண்மையில் இது தூவியின் தரத்தைச் சொல்லும் எண்ணே தவிரப் போர்வையின் தரத்தைச் சொல்வதன்று. 2 மீட்டர் நீளமும் 1.4 மீட்டர் அகலமும் உள்ள போர்வையில் 800 எண்ணுள்ள தூவியை 200 கிராம் அடைத்தால், கணக்குப்படி சராசரித் தடிமன் 3.3 செ.மீ. வரும். மலிவான 600 எண்ணுள்ள தூவியை 300 கிராம் அடைத்தால் 3.7 செ.மீ. வரும்! இரண்டாவது 100 கிராம் கூடுதல் பாரம், ஆனால் கூடுதல் சூடு. எத்தனை கிராம் அடைத்திருக்கிறது என்று சொல்லாத அட்டை, பாதிக் கணக்கை மறைத்துவிட்டு விடையை மட்டும் காட்டுகிறது.

தையலையும் பாருங்கள். மேல் துணியையும் அடித் துணியையும் நேராகச் சேர்த்துத் தைத்திருந்தால் தையல் ஓடும் கோடெல்லாம் தடிமன் பூஜ்யம். கட்டங்கள் சிறியவையாக இருக்க இருக்க இத்தகைய கோடுகளும் பெருகும். பார்வைக்கு அழகு, காற்றுக்கு வாசல்.

அடுத்தது வெள்ளிப் பூச்சு. மெல்லிய பாலியெஸ்டர் தாளில் அலுமினிய ஆவியைப் படியவைக்கும் விண்வெளிப் போர்வையை அமெரிக்க விண்வெளி நிறுவனம் 1964இல் உருவாக்கியது. வெற்று வெளியில் வெப்பம் கதிர்வீச்சாக மட்டுமே பரவ முடியும். ஆகவே அங்கே அது அருமையான கருவி. காட்டிலோ கடத்தலும் சலனமும் சேர்ந்துகொள்கின்றன. “90 சதவீதம்” என்பது கதிர்வீச்சாக வெளியேறும் பங்கில் 90 சதவீதம். உடல் இழக்கும் மொத்த வெப்பத்தில் அன்று. மேலும் வெள்ளித்தாள் எதிரொளிக்க வேண்டுமானால் அதன் முன்னே சிறிது காற்றிடம் வேண்டும். சட்டையோடு ஒட்டிக் கிடந்தால் அது வெறும் தாள்தான். காற்றையும் மழையையும் தடுக்கும், ஆபத்து வேளையில் உயிரையும் காக்கும்; அந்த அளவில் பையில் ஒன்று கிடக்கட்டும். ஆனால் அசைந்தால் சரசரக்கும் தாளைப் போர்த்திக்கொண்டு மானுக்குக் காத்திருப்பவரை என்னென்பது?

இனி எல்லாவற்றிலும் முக்கியமானது, நனைதல். 1940 நவம்பர் 11 அன்று மினசோட்டா, விஸ்கான்சின் மாநிலங்களில் பொழுது நவம்பருக்குப் பொருந்தாத இளஞ்சூட்டுடன் விடிந்தது. வாத்து வேட்டைக்காரர்கள் மெல்லிய உடைகளுடன் மிசிசிப்பி ஆற்றுத் தீவுகளுக்குப் படகில் போனார்கள். பிற்பகலுக்குள் மழை, பிறகு பனிப்புயல், விரைந்து இறங்கிய குளிர். அந்தப் புயலில் இறந்தவர்கள் ஏறக்குறைய 150 பேர். அவர்களில் பலர் அந்த வேட்டைக்காரர்கள். ஐந்து ஆண்டுகளுக்கு முன், 1935இல், எடி பாயர் என்ற சியாட்டில் வணிகர் குளிர்கால மீன்பிடிப்பில் தம் கம்பளிச் சட்டை நனைந்து பாரமாகி விறைத்துச் சாகக் கிடந்தார். பிழைத்து வந்து, தூவி அடைத்த சட்டையைத் தைத்தார். 1940இல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார்.

ஆனால் தூவிக்கும் அதே எதிரிதான். தண்ணீர் புகுந்தால் உப்பிய தூவி கட்டியாகிவிடும், காற்று போய்விடும், காப்பும் போய்விடும். நீர் ஒட்டாதபடி பதப்படுத்திய தூவி இப்போது கிடைக்கிறது. அது நனைவதைத் தாமதப்படுத்துமே ஒழிய முற்றிலும் தடுக்காது. பாலியெஸ்டர் இழைப் பஞ்சு நனைந்தாலும் ஓரளவு உப்பியே நிற்கும், விரைவில் காயும். வியட்நாம் போர்க் காலத்தில் அமெரிக்கச் சிப்பாய்களுக்குக் கொடுத்த நைலான் போர்வையில் இருந்தது இதுதான். தூவிக்கு ஈடாக நுண்ணிழைப் பஞ்சு ஒன்றை அமெரிக்க ராணுவத்துக்காக 1980களில் உருவாக்கினார்கள்; பிரைமாலாஃப்ட் என்ற பெயரில் அது இன்று கடைக்கு வந்துவிட்டது. சம சூட்டுக்கு இவை தூவியைவிடப் பாரமும் பருமனும் கூடியவை. வியர்வையும் உருகும் பனியும் உறுதியாக உள்ள வேட்டைக்கு நான் அந்தப் பாரத்தைச் சுமப்பதே சரி என்பேன். காய்ந்த, கடுங்குளிர் உள்ள உயர்ந்த மலைகளில் தீர்ப்பு தூவியின் பக்கம் சாயலாம்.

செயற்கைப் பஞ்சுக்கும் ஒரு குறை உண்டு. திரும்பத் திரும்ப நசுக்கினால் இழைகள் வளைந்து முறிந்து உப்பும் திறனை இழக்கும். எந்தச் சிறு உறைக்காக அதை வாங்கினோமோ அந்த உறையே அதைக் கெடுக்கிறது! வீட்டில் விரித்தோ தளர்த்தியோ வைத்து, புறப்படும் நாளில் மட்டும் திணிக்க வேண்டும்.

உட்காரும் இடத்துக்கு இந்தப் போர்வைகளில் எதுவும் உதவாது. உடலின் பாரத்தால் நசுங்கிய பஞ்சில் காற்று ஏது? அங்கே நசுங்காத நுரை அட்டை ஒன்று வேண்டும். “மைனஸ் 10 வரை தாங்கும்” என்ற வரியையும் சந்தேகத்துடன் படியுங்கள். தூங்கும் பைகளைச் சூடேற்றிய பொம்மை மனிதனை வைத்துச் சோதிக்க ஐரோப்பியத் தரநிலை 2002இலிருந்து உண்டு. அது மூடிய பைக்கு உரிய சோதனை. காற்று நுழையும் திறந்த போர்வைக்குப் பொருந்தாது.

நிறத்தைப் பற்றி அட்டை வாய் திறப்பதில்லை. பெரும்பாலான போர்வைகள் பழுப்பிலோ இலை வண்ணத்திலோ வருகின்றன. விஸ்கான்சினில் துப்பாக்கி வேட்டையின்போது இடுப்புக்கு மேல் வெளியே தெரியும் உடையில் பாதியாவது பளிச்சிடும் ஆரஞ்சாகவோ, 2016 முதல் இளஞ்சிவப்பாகவோ இருக்க வேண்டும் என்பது சட்டம். அடுத்த வேட்டைக்காரர் உங்களை மான் என்று நினைத்துவிடக்கூடாது என்பதற்காக. குளிர் தாங்காமல் தோளோடு இழுத்துப் போர்த்தியதும் அந்த நிறம் உள்ளே போய்விடுகிறது. போர்வையை இடுப்பளவில் கட்டிக்கொள்ள நாடாவும் பொத்தானும் உள்ளதாகப் பார்த்து வாங்கலாம். தோளுக்கும் வேண்டுமென்றால் ஆரஞ்சு மேற்சட்டையைப் போர்வைக்கு மேல் மாட்டலாம்; பஞ்சு நசுங்காதபடி தளர்வான, இரண்டளவு பெரிய சட்டையாக அது இருக்க வேண்டும்.