திருச்சின்னமும் பகடையும்

மாண்டும் மண்ணில் அடங்காது நடமாடும் பிணங்களை, வாளை உருவாமல், தன் தெய்வத்தின் திருச்சின்னத்தை உயர்த்திக் காட்டியே புறமிடச் செய்யும் ‘டர்ன் அண்டெட்’ என்னும் பிரயோகம், ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்னும் மேசைக் கதையாட்டத்தில் ‘கிளெரிக்’ எனப்படும் போர்க்குருவுக்கே சிறப்பாக உரியது. 1970களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் மினசோட்டாவில் டேவ் ஆர்னெசன் நடத்திவந்த, அதற்கு முன்னோடியான பிளாக்மூர் ஆட்டத்தில், டேவிட் ஃபான்ட் ஏற்றிருந்த சர் ஃபாங் என்னும் பாத்திரம் இரத்தக்காட்டேரியாகி அடக்குவாரின்றித் திரிந்தபோது, அதற்கு மாற்றாக மைக் கார் ஏற்ற குருவின் பாத்திரம் தோன்றிற்று. திகிற்படங்களில் பீட்டர் குஷிங் நடித்த, இரத்தக்காட்டேரிகளை வேட்டையாடும் வான் ஹெல்சிங்கின் சாயல் அதில் படிந்திருப்பதைக் காண அதிக ஆராய்ச்சி வேண்டுவதில்லை.

1974இல் ஆர்னெசனும் கேரி கைகாக்ஸும் வெளியிட்ட மூல நூல் இவ்வித்தைக்கு ஓர் அட்டவணை வகுத்தது. முதற்படியில் நிற்கும் குரு இரண்டு ஆறுமுகப் பகடைகளை உருட்டிக் குறைந்தது இத்தொகை பெற வேண்டும்: எலும்புக்கூட்டை விரட்ட 7, ஜாம்பியை விரட்ட 9, பிணந்தின்னியாகிய கூலுக்கு 11, அதற்கு மேற்பட்டவற்றிடம் அவர் பிரார்த்தனை செல்லாது. பகடைகள் விழக்கூடிய 36 வகைகளில் எலும்புக்கூடு 21க்குப் பணியும். பிணந்தின்னியோ மூன்றே மூன்றுக்குத்தான் அசையும். அந்தப் படியில் குருவுக்கு மந்திரம் ஒன்றும் அருளப்படவில்லை என்பதை உடன் நினைத்தால், மேசை முழுதும் மூச்சடக்கி அந்த இரு பகடைகளை ஏன் பார்க்கிறது என்பது விளங்கும். வென்றாலும் எத்தனை பிணங்கள் திரும்பும் என்பதை மீண்டும் இரண்டு பகடைகளே சொல்லும். ஆகவே இரண்டு ஓட, ஐந்து மேலே வருவதும் உண்டு.

1979இல் வந்த அட்வான்ஸ்டு பதிப்பின் நடுவர் கையேடு இருபது முகப் பகடைக்கு மாறி, அதே பிணந்தின்னிக்கு 16 கேட்டது. வாய்ப்பு பன்னிரண்டில் ஒன்றிலிருந்து நான்கில் ஒன்றாக உயர்ந்தது. தீய தெய்வத்தின் குருமார் பிணங்களை விரட்டாமல் தம் ஏவலுக்கு ஆட்படுத்தலாம் என்ற நியதியையும் அந்நூல் விரிவாக எடுத்தாண்டது. 2000இல் வெளிவந்த மூன்றாம் பதிப்போ ஒரு பகடைக்குப் பின் மற்றொரு கூட்டல், அதன்பின் பிணங்களின் வலிமைக் கணக்கு என்று விரிந்து, பயபக்தி பிறக்க வேண்டிய கணத்தில் பென்சிலைத் தேட வைத்தது; இதில் நான் அதிகம் நிற்க விரும்பவில்லை.

பெரிய மாறுதல் 2014இன் ஐந்தாம் பதிப்பில் நிகழ்ந்தது. அங்கே குரு சின்னத்தை உயர்த்துகிறார். பகடை உருட்டுவதோ பிணங்கள்! முப்பது அடிக்குள் நிற்கும் ஒவ்வொன்றும் தன் மனத்திண்மையைச் சோதித்துத் தவறினால் ஒரு நிமிடம் ஓடும். கணக்கில் நேர்த்திதான், ஆயினும் சோதனைக்கு உள்ளாக வேண்டியது குருவின் நம்பிக்கையா, செத்தவனின் பிடிவாதமா என்று கேட்டால், குருவினுடையதே என்பது என் திடமான அபிப்பிராயம். பிணங்களுக்காக நடுவர் தம் மறைப்புக்குப் பின்னே உருட்டும் பகடையில் அந்தக் குருவை ஏற்றவனின் கை நடுங்குவதில்லை.

நல்ல வேளையாக, 1981இன் பேசிக் பதிப்பைத் தழுவி 2019இல் வந்த ‘ஓல்ட் ஸ்கூல் எசென்ஷியல்ஸ்’ அந்த 7, 9, 11 என்னும் எண்களை அப்படியே காத்து வைத்திருக்கிறது. அதை விரித்து ஆடும் மேசைகளில், முதற்படிக் குரு இன்றும் வெறுங்கையாய் மூன்று எலும்புக்கூடுகளின் முன் நின்று, தன் கையாலேயே உருட்டுகிறார்.