கண் சிமிட்டச் சொல்லும் திரை

ஒரு ஆப் 'சூப்பரா இருக்கு'ன்னு சொல்றதுக்கு முன்னாடி, அதை எங்கே நின்று பார்த்தோம் என்று கேட்டுக்கொள்ளலாம். ஏசி அறையில் பெரிய மானிட்டரில் வரைந்த திரையை மந்தைவெளி பஸ் ஸ்டாப்பின் மத்தியான வெயிலில் பிடித்துப் பாருங்க. பாதி எழுத்து காணாமல் போயிருக்கும்.

முதலில் நிறம். வெள்ளைப் பின்னணியில் #999999 என்ற வெளிர் சாம்பல் எழுத்து இப்போது ரொம்ப ஃபேஷன். அதன் ஒளி வேறுபாட்டு விகிதம் 3-ஐக்கூடத் தொடாது. டபிள்யூ3சி-யின் அணுகல் விதிகள் (ஏஏ நிலை) சாதாரண அளவு எழுத்துக்குக் கேட்பது 4.5. #767676 என்று கொஞ்சம் அடர்த்தி ஏற்றினாலே தேறிவிடும். அவ்வளவு சின்ன மாற்றம்தான், ஆனால் கண்புரை உள்ளவருக்கு அதுதான் படிக்க முடிவதற்கும் முடியாததற்கும் உள்ள இடைவெளி.

அடுத்தது தமிழ். 'சப்மிட்' என்ற சொல்லுக்கு அளவெடுத்த பட்டனுக்குள் 'சமர்ப்பிக்கவும்' என்று திணிப்பார்கள், வால் வெட்டுப்படும். வரி உயரம் போதாவிட்டால் மேற்சுழி போய் 'கீரி', 'கிரி' ஆகிவிடும். எழுத்தளவை 200 சதவீதம் பெரிதாக்கிப் பாருங்க, மிச்சக் குறையும் வெளியே வரும்.

மூன்றாவதாக, டாக்பேக்கை ஆன் செய்து கண்ணை மூடிக்கொள்ளுங்க. 'பட்டன்... பட்டன்...' என்று மட்டும் கேட்டால், பெயர் வைக்காமல் விட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். எது பணம் அனுப்பும், எது ரத்து செய்யும்? கேட்பவருக்கு எப்படித் தெரியும்?

இதெல்லாம் கருவிகளே பெரும்பாலும் பிடித்துவிடும் குறைகள். அவற்றின் கண்ணில் படாத குறை ஒன்று உண்டு. வங்கிக் கணக்குக்கான இ-கேஒய்சி-யில் 'கண் சிமிட்டுங்கள்' என்று திரை கேட்கும், எதிரே இருப்பது உயிருள்ள ஆள்தானா என்று உறுதிசெய்ய. எழுத்து பளிச்சென்று இருக்கலாம், பட்டனுக்குப் பெயரும் இருக்கலாம். ஆனால் ஆசிட் வீச்சில் இமைகள் சிதைந்தவர் எப்படிச் சிமிட்டுவார்? பார்வையற்றவர் முகத்தைச் சட்டத்துக்குள் எப்படிப் பொருத்துவார்?

இந்தக் கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது. 2025 ஏப்ரல் 30 அன்று நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வு, டிஜிட்டல் அணுகல் அரசியல் சாசனத்தின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையோடு சேர்ந்தது என்று சொல்லி, 20 உத்தரவுகளைப் பிறப்பித்தது. சிமிட்டலுக்கு மாற்று வழி வேண்டும், சோதனையில் பார்வையற்றவர்களைச் சேர்க்க வேண்டும் என்பவையும் அவற்றில் உண்டு.

டிசைன் விமர்சனம் பெரும்பாலும் 'அழகா இல்லையா' என்பதோடு நின்றுவிடுகிறது. இந்தத் தீர்ப்புக்குப் பிறகு அது போதாது. ஒவ்வொரு திரையிலும் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இது சொல்வதைச் செய்ய முடியாதவர் எந்த வழியாப் போவார்? வழி இல்லேன்னா, அதுதான் முதல் குறை. நிறமெல்லாம் அப்புறம்.