பழைய கணினிக்குச் செலவு செய்யலாமா?

கணினி மெதுவாகிவிட்டது என்று சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோனால், "எஸ்எஸ்டி போட்டுடலாம், ராம் ஏத்திடலாம்" என்பார்கள். ஷோரூமில் கேட்டால், "இதுக்கு மேல செலவு பண்றது வேஸ்ட் சார், எக்ஸ்சேஞ்ச்ல குடுத்துடுங்க" என்பார்கள். இரண்டு பதிலும் பெரும்பாலும் கணினியைச் சோதிப்பதற்கு முன்பே வந்துவிடுகின்றன. பழையதை மேம்படுத்திப் பயன்படுத்தும் வழக்கம் நல்லது என்பதே என் கட்சி. ஆனால் சோதிக்காமல் அதைச் செய்வதால் நம்மூரில் நிறையப் பணம் வீணாகிறது.

முதலில் மேம்படுத்துவதன் பலம். ஹார்டு டிஸ்க் உள்ள பழைய கணினி திணறும்போது டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். பிராசஸர் பத்துப் பதினைந்து சதவீதத்தில் சும்மா இருக்கும். டிஸ்க் மட்டும் 100 சதவீதத்தில் நிற்கும். சுழலும் தட்டில் ஒரு தகவல் இருக்கும் இடத்தைத் தேடிப் பிடிக்கச் சுமார் 10 மில்லி விநாடி ஆகிறது. எஸ்எஸ்டியில் சுழலும் பாகமே இல்லாததால் அது 0.1 மில்லி விநாடி அளவில் முடிந்துவிடும். விண்டோஸ் எழும்போது ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைப் படிக்கிறது. அந்த இடத்தில் இந்த நூறு மடங்கு வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். அத்தகைய கணினிக்கு எஸ்எஸ்டியைவிடப் பயனுள்ள செலவு வேறில்லை.

ராம் விஷயத்தில் இவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது. நாலைந்து பிரௌசர் டேப் திறந்ததும் மெமரி 90 சதவீதத்தைத் தாண்டினால் ராம் ஏற்றுங்கள். பாதிகூட நிரம்பாத கணினியில் ஏற்றினால் ஒன்றும் நடக்காது. மெல்லிய லேப்டாப்கள் பலவற்றில் ராம் மதர்போர்டிலேயே சால்டர் செய்யப்பட்டிருக்கும்; அங்கே இந்தப் பேச்சுக்கே இடமில்லை.

மேம்படுத்துவோர் கவனிக்காத கணக்கு ஒன்று உண்டு. வாங்கும் பாகம் இந்தக் கணினியோடு போய்விடுமா, அடுத்ததற்கும் உதவுமா? சாட்டா எஸ்எஸ்டியைக் கழற்றி இன்னொரு கணினியில் மாட்டலாம். உறை போட்டு வெளி டிஸ்க்காகவும் வைத்துக்கொள்ளலாம். டிடிஆர்3 ராம் டிடிஆர்4 ஸ்லாட்டில் உட்காரவே உட்காராது. வெட்டு இருக்கும் இடமே வேறு. லேப்டாப் பேட்டரியும் அந்த மாடலோடு சரி.

"ரிப்பேர் செலவு புதிதின் பாதி விலையைத் தாண்டினால் மாற்றிவிடு" என்ற பரவலான கணக்கின் ஓட்டை இங்கேதான் இருக்கிறது. செலவு ஒரே பில்லாக வருவதில்லை. இந்த மாதம் ராம், தீபாவளிக்கு முன் பேட்டரி, அப்புறம் கீல் உடையும், அப்புறம் சார்ஜர். ஒவ்வொன்றும் பாதி விலைக்கு வெகு கீழே இருப்பதால் ஒவ்வொரு முறையும் "போடலாம்" என்றே தோன்றும். கூட்டிப் பார்க்கும்போது புதிது வாங்கியிருக்கலாம் என்று தெரியும்.

இன்னொரு எல்லையை எந்தப் பாகமும் தாண்டவைக்காது. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. தனிநபர்களுக்கு ஓராண்டு நீட்டிப்பை மைக்ரோசாஃப்ட் அறிவித்தது, அவ்வளவே. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 வேண்டும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை பிராசஸராவது வேண்டும். ஆறாம் தலைமுறை ஐ5 கணினி எஸ்எஸ்டியோடு பறக்கலாம். பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றபின் அதில் வங்கிக் கணக்கைத் திறப்பது ஆபத்து. வேகத்தை மட்டும் பார்த்து மேம்படுத்துபவர்கள் இதைக் கடைசியில்தான் கேட்கிறார்கள்.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் இயங்குதளத்தைப் போடலாம். தமிழக அரசு 2011-இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தின் தொடக்ககால லேப்டாப்களில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. பலர் அதைத் திறந்ததே இல்லை. பிள்ளைகளின் படிப்புக்கும் மின்னஞ்சலுக்கும் வீடியோவுக்கும் பழைய கணினியில் லினக்ஸ் மின்ட் போதும். டேலியில் கணக்கெழுதும் கடைக்காரருக்கு இந்த யோசனையைச் சொல்ல மாட்டேன். அது விண்டோஸுக்கான மென்பொருள்.

புதிது வாங்குவதிலும் மறைந்த செலவுகள் உண்டு. பில் அடிக்கும் டாட் மேட்ரிக்ஸ் பிரின்டர் பழைய பேரலல் போர்ட்டில் ஓடிக்கொண்டிருக்கும். புதிய கணினியில் பெரும்பாலும் அந்தப் போர்ட்டே இருக்காது. டிடிபி சென்டரில் பேஜ்மேக்கர் கோப்புகளும் யூனிகோடுக்கு முந்தைய தமிழ் எழுத்துருக்களும் வருடக்கணக்கில் சேர்ந்திருக்கும். அவற்றை இடம் மாற்றும் வேலைக்கு யாரும் விலை போடுவதில்லை. வேலை நின்ற நாட்களில்தான் அந்த விலை தெரியும். இத்தகைய கடைகள் பழைய கணினியை இணையத்திலிருந்து துண்டித்து அந்த ஒரு வேலைக்கு மட்டும் வைத்துக்கொள்வது நல்லது. இணைய வேலைக்கு, நிறுவனங்கள் கழித்த எட்டாம் தலைமுறைக் கணினி ஒன்றைச் சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் வாரண்டியோடு கேட்டு வாங்கலாம். புதிய லேப்டாப்பின் கார்பன் சுமையில் பெரும்பங்கு அதைத் தயாரிக்கும்போதே உண்டாகிவிடுவதால், இப்படி வாங்குவது சுற்றுச்சூழலுக்கும் நல்லது.

மதர்போர்டு கோளாறு என்றால் மட்டும் யோசிக்க வேண்டாம். சிப்பை மாற்றி ஓடவைத்த லேப்டாப்புக்கு மேலும் பணம் போடாதீர்கள். டிஸ்க்கைக் கழற்றிக்கொண்டு விட்டுவிடுங்கள். மற்றபடி, எந்தப் பாகம் தடையாக இருக்கிறது என்று டாஸ்க் மேனேஜரில் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுக்கும் கடையில் எஸ்எஸ்டியும் வாங்காதீர்கள், புதிய கணினியும் வாங்காதீர்கள்.