மூலமும் உரையும்

அச்சில் கிடைக்கும் நாடகத்தை மேடையில் மீண்டும் காண்பது எதற்கு? ஆர்தர் மில்லரின் ‘ஒரு விற்பனையாளனின் மரணம்’ 1949இல் நியூயார்க்கின் பிராட்வேயில் அரங்கேறியது. 2012இல் மைக் நிக்கோல்ஸ் அப்பழைய அரங்க அமைப்பையே மீட்டு அதனை மேடையேற்றினார். போற்றத்தக்க பணிதான், ஆயினும் அது நினைவுகூரல். 2022இல் ஹட்சன் அரங்கில் நிகழ்ந்ததோ விளக்கவுரை. விற்பனையாளர் வில்லி லோமனாக வெண்டல் பியர்ஸ். குடும்பத்தார் அனைவரும் கறுப்பினக் கலைஞர்கள். முதலாளி ஹோவர்டாக வெள்ளையர் ஒருவர். அறுபதைக் கடந்த வில்லி, தம் கண்முன் பிறந்து வளர்ந்த அந்த இளையவரிடம் வாரம் 65 டாலர் கேட்கிறார்; 50க்கு இறங்குகிறார்; 40க்கும் தாழ்கிறார்; ஈற்றில் வேலையே பறிபோகிறது. வசனம் மில்லருடையதே. நிறத்தைப் பற்றி அவ்விடத்தில் எவரும் வாய் திறப்பதில்லை. அவையோர் கண்களோ அதனைக் காணாதிருக்க இயலாது. இவ்விரண்டில் ஒன்றை மட்டுமே காண வாய்த்திருப்பின், அந்த ஒரு காட்சிக்காகவேனும் பின்னதையே தேர்ந்திருப்பேன்.