கள்ளுக்கு ஏன் சுவை இல்லை?

மலேசியத் தமிழ்ப் புனைவில் கள்ளுக்கு நாற்றம் உண்டு, சுவை கிடையாது. தோட்டப்புறக் கதைகளைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு இந்தக் காட்சி மனப்பாடமாகியிருக்கும். சம்பள நாளன்று அப்பா தள்ளாடி வருவார், அம்மா அடி வாங்குவாள், பிள்ளை சுவரோரம் ஒடுங்கும். அதெல்லாம் நடந்ததுதான். கிள்ளானைச் சுற்றியிருந்த தோட்டங்களில் வளர்ந்த யாரும் அதை மறுக்கப்போவதில்லை. என் கேள்வி வேறு. அந்த அப்பா வாயில் வைத்தது என்ன? இனித்ததா, புளித்ததா? காலையில் இறக்கியதா, மாலையில் இறக்கியதா? கூடக் கடித்துக்கொள்ள என்ன இருந்தது? நான் வாசித்த கதைகளில் இதற்கு விடை தேடிப்போனால் பெரும்பாலும் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டியிருக்கிறது.

ஒயின் பற்றி எழுதப்படுபவற்றை வாசிக்கும்போது இந்த வெறுமை இன்னும் உறைக்கிறது. பிரிக்ஃபீல்ட்ஸைத் தாண்டினால் பங்சார். அங்கே ஒரு போத்தலின் பின்பக்கத் துண்டுத்தாளில்கூட மண், மலைச்சரிவு, திராட்சை வகை, எந்த உணவோடு குடிக்கலாம் என்பதெல்லாம் இருக்கும். பிரான்ஸின் கிழக்கே, ஜூரா மலையடிவாரத்தில் இருக்கும் ஆர்புவா என்ற சிற்றூரை எடுத்துக்கொள்வோம். நொதித்தலுக்கு உயிருள்ள ஈஸ்ட்தான் காரணம் என்று நிறுவிய லூயி பாஸ்டர் வளர்ந்த ஊர். ஜூராவில் முக்கியமாக ஐந்து திராட்சைகள்: பூல்சார், த்ரூஸோ, பினோ நுவார், ஷார்டொனே, சவாஞ்ஞான். கடைசியாகச் சொன்ன சவாஞ்ஞானிலிருந்துதான் 'வான் ஜோன்', அதாவது மஞ்சள் ஒயின், வருகிறது. பீப்பாயில் ஆறு ஆண்டுகளுக்கு மேல் கிடக்கும். ஆவியாகிக் குறைவதை நிரப்ப மாட்டார்கள். மேலே பாலாடைபோல் ஈஸ்ட் படர்ந்து மூடிக்கொள்ளும். பிறகு 62 சென்டிலிட்டர் கொள்ளும் குட்டைப் போத்தலில் அடைப்பார்கள். துணைக்கு அதே மலைப்பகுதியின் கொம்தே சீஸ், அல்லது மோரல் காளான் போட்ட கோழி.

இந்த ஒயினின் மணத்தை விவரிப்பவர்கள் வால்நட், கறித்தூள் என்றெல்லாம் எழுதுவார்கள். அதில் மிகை ஒன்றும் இல்லை. அந்த மணத்தில் முக்கியப் பங்கு வகிக்கும் சோட்டொலோன் என்ற சேர்மம்தான் வெந்தயத்துக்கும் மணம் தருகிறது. நம் வீட்டு மீன்குழம்பில் தாளிக்கிற அதே வெந்தயம். அவ்வளவு தூரத்திலிருந்து வரும் ஒயினில் நம் அடுப்படி வாசனையைக் கண்டுபிடிக்க முடிகிறது. பக்கத்துத் தென்னையிலிருந்து இறக்கிய கள்ளைப் பற்றி ஒரு வரி எழுத முடியவில்லை.

தமிழனுக்கு நாக்கு இல்லை என்று இதற்குக் காரணம் சொல்ல முடியாது. கள், தேறல், நறவு, மட்டு, தோப்பி என்று சங்கப் பாடல்கள் வகை பிரிக்கின்றன. நாள்பட்ட தேறலின் கடுப்பைத் தேள் கொட்டுவதோடு ஒப்பிட்ட ஔவை இருக்கிறாள். மூங்கில் குழாயில் முதிர்ந்த தேன்மது இருக்கிறது. யவனர் கொண்டுவந்த குளிர்ந்த, மணக்கும் மதுவும் புறநானூற்றில் இருக்கிறது. பின்னால் கள்ளுண்ணாமைக்கென்று ஓர் அதிகாரமே எழுதினார் வள்ளுவர். சுவையும் கண்டிப்பும் ஒரே மொழிக்குள் இருந்திருக்கின்றன.

தோட்டத்துப் பெரியவர்களிடமும் அந்த நாக்கு இருந்தது. "எறக்குன கையோட குடிச்சா எளநி கணக்கா இருக்கும்பா, பொழுது ஏற ஏற கடுத்துரும்" என்பார்கள். பாளையிலிருந்து சொட்டும்போதே கள் நொதிக்கத் தொடங்கிவிடும். காலையில் இனிப்பு, மாலையில் புளிப்பு, ஓரிரு நாளில் காடி. ஒயினுக்கு ஆண்டுக் கணக்கு இருப்பதுபோல் கள்ளுக்கு மணிக்கணக்கு. இந்த அறிவு பேச்சில் இருந்தது, எழுத்துக்கு வரவில்லை.

ஏன் வரவில்லை? கடை யாருடையது என்பதில்தான் விடை இருப்பதாக நினைக்கிறேன். ஆர்புவாவில் திராட்சை விவசாயிகள் 1906-இல் தங்களுக்கென்று ஒரு கூட்டுறவு ஒயின் கூடம் தொடங்கினார்கள். 1936-இல் ஆர்புவா என்ற ஊர்ப்பெயருக்கே சட்டப் பாதுகாப்பு கிடைத்தது. பிரான்ஸில் அந்த அங்கீகாரம் பெற்ற முதல் ஒயின் பகுதிகளில் அதுவும் ஒன்று. நம் கள்ளுக்கடையோ தோட்டத்துக்குள்ளேயே, நிர்வாகத்தின் கண்பார்வையில் நடந்தது. துரை கொடுத்த கூலி அங்கேதான் திரும்பிப் போனது.

1941-இல் கிள்ளான் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆர். எச். நாதன் போன்றவர்கள் நடத்திய கிள்ளான் வட்டார இந்தியர் சங்கம் முன்னால் நின்றது. சீனத் தொழிலாளர்களுக்கு நிகரான கூலி வேண்டும், துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்பவை அவர்கள் கோரிக்கைகள். அந்தப் பட்டியலிலேயே கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் இருந்தது. நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார். இராணுவம் வந்தது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் இறந்தார்கள்.

அந்தப் பட்டியலைக் கவனியுங்கள். கூலிக்கும் மானத்துக்கும் பக்கத்தில் வைத்துத்தான் கள்ளுக்கடையைப் பேசியிருக்கிறார்கள். நம் புனைவு அந்த ஒரு கோரிக்கையை மட்டும் எடுத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தவற்றை விட்டுவிட்டது. அதனால்தான் கதையில் குடிகாரன் தெரிகிறான், கடைக்காரன் தெரிவதில்லை. கண்டனம் குடித்தவனோடு முடிந்துவிடுகிறது. கள்ளின் இடத்துக்கு மலிவான சம்சு போத்தல் வந்தபோதும் இதே பார்வைதான் தொடர்ந்தது. லுனாஸில் நச்சுச் சாராயத்துக்குத் தோட்ட மக்கள் பலியானதைப் பின்னணியாகக் கொண்ட ம. நவீனின் 'பேய்ச்சி' போன்ற நாவலை வாசிக்கும்போது, மதுவை வெறும் ஒழுக்கக்கேடாகச் சுருக்க முடியாது என்பது புரிகிறது.

ஒயின் எழுத்தை நான் முன்மாதிரியாகச் சொல்லவில்லை. அதில் சுவை இருக்கிறது, முதுகு ஒடியத் திராட்சை பறித்தவர் இல்லை. நம் எழுத்தில் உழைப்பாளி இருக்கிறார், அவர் நாக்கு இல்லை. போதலேர் தன் கவிதைத் தொகுப்பில் மதுவுக்கென்றே ஒரு பகுதி ஒதுக்கினார். குப்பை பொறுக்குபவனின் மதுவும் கொலைகாரனின் மதுவும் அங்கே அடுத்தடுத்து நிற்கின்றன. ஒன்றைச் சொல்வதற்காக அவர் மற்றொன்றை மறைக்கவில்லை.

"அடி வாங்குன பொம்பளைங்ககிட்ட போய் கள்ளு ருசியப் பேசுவியா?" என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். அந்த வலியை ஒரு சொல்கூடக் குறைக்கச் சொல்லவில்லை. ஆனால் அந்த மனிதர் எதற்காக அங்கே போனார் என்று தெரியாமல் அவரை எழுதினால், அவர் மனிதராக இல்லாமல் கைகால் முளைத்த பிரச்சாரமாகிவிடுகிறார். அவர் மனைவியும் அடி வாங்குவதற்கென்றே படைக்கப்பட்டவள்போல் நின்றுவிடுகிறாள். தோட்டத்தில் கள் குடித்த பெண்களும் இருந்தார்கள். அவர்கள் ஏன் கதைக்குள் வருவதில்லை?

அடுத்து தோட்டத்தை எழுத உட்காருபவரிடம் நான் எதிர்பார்ப்பது பெரிதாக ஒன்றும் இல்லை. கள்ளுக்கடைக்குள் போய்க் கொஞ்சம் நில்லுங்கள். ஒரு மங்கு என்ன விலை, கடன் கணக்கை யார் எழுதினார், மீந்த காசு எங்கே போனது, முதல் வாய் இனித்ததா, கடுத்ததா என்று பார்த்து எழுதுங்கள். தள்ளாடி வீட்டுக்கு வரும் காட்சி அதற்குப் பிறகு வரட்டும்.