மறுப்பதில் ஓர் அழகு

மென்பொருள்கள் பெரும்பாலும் அவை செய்யும் வேலைக்காகவே நமக்குப் பிடித்துப்போகின்றன. விசூடோவை நான் ரசிப்பது அது செய்ய மறுக்கும் வேலைக்காக.

லினக்ஸ் கணினியில் யார், எந்தக் கட்டளையை, யாருடைய அதிகாரத்தில் இயக்கலாம் என்பதைச் சூடோயர்ஸ் என்ற சிறிய கோப்பு தீர்மானிக்கிறது. அதைத் திருத்துவதற்கான கருவிதான் விசூடோ. கோப்பைப் படித்து அதன்படி நடக்கும் நிரலான சூடோ, 1980 வாக்கில் பஃபலோ நகரிலுள்ள நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பிறந்தது. பாப் காகஷாலும் கிளிஃப் ஸ்பென்சரும் ஒரு வாக்ஸ் கணினிக்காக எழுதியது. முப்பது ஆண்டுகளாக அதைக் கட்டிக் காத்துவருபவர் டாட் மில்லர்.

வெறும் டெக்ஸ்ட் கோப்புதான். ஆனால் இதன் குணமே வேறு. உரிமையாளர் ரூட் என்ற தலைமை நிர்வாகிக் கணக்காக இருக்க வேண்டும், அனுமதி எண் 0440 என்று வைப்பது வழக்கம். யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று அனுமதி தளர்ந்துவிட்டால், உள்ளே எல்லாம் சரியாக இருந்தாலும் சூடோ அதைப் படிக்காது. பழைய பதிப்புகளில் ஓர் இலக்கணப் பிழை போதும், எல்லாருக்கும் கதவு சாத்தப்படும். 1.9.3 பதிப்பு முதல் பிழையுள்ள பகுதியை ஒதுக்கிவிட்டு மீதியைப் படிக்கிறது. நிர்வாகிகளுக்கு இது நிம்மதி. எனக்கென்னவோ அந்தப் பழைய பிடிவாதத்தில்தான் ஒரு கம்பீரம் தெரிகிறது.

கதவு சாத்திய பிறகு, கோப்பைத் திருத்த ரூட் அதிகாரம் வேண்டும். அதைத் தர வேண்டிய சூடோவோ கோப்பு திருந்தாமல் அசையாது. பெட்டிச் சாவி பெட்டிக்குள்ளேயே மாட்டிக்கொண்ட கதை. இந்த இடத்தில்தான் பழுதுபார்ப்பவரின் கைத்திறன் தெரியும்.

ரூட்டுக்குக் கடவுச்சொல் இருந்தால் எஸ்யூ கட்டளையால் ரூட்டாக மாறினால் போதும். அதில் ரசிக்க ஒன்றுமில்லை. உபுண்டுவில் அந்தக் கணக்கு பூட்டியே வருகிறது. அங்கே நேர்த்தியான வழி, பிகே-எக்செக் மூலம் விசூடோவைத் திறப்பது. அது போல்கிட் என்ற வேறொரு அமைப்பிடம் அனுமதி கேட்கிறது. சூடோயர்ஸை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. டெஸ்க்டாப்பில் கடவுச்சொல் கேட்டு ஒரு சிறு பெட்டி வரும், அவ்வளவுதான். தொலைவிலிருந்து எஸ்எஸ்எச் வழியே போனால் அந்தப் பெட்டியைக் காட்ட ஆள் இருக்காது. அதற்கும் ஓர் அழகான உத்தி உண்டு: இரண்டு இணைப்புகளைத் திறந்து, முதல் ஷெல்லின் செயல் எண்ணை இரண்டாவதில் பிகே-டிடிஒய்-ஏஜென்ட்டிடம் கொடுக்க வேண்டும். பிறகு கட்டளை முதல் திரையில், கடவுச்சொல் கேள்வி இரண்டாவது திரையில்! முதன்முறை பார்ப்பவர் முகத்தில் ஒரு புன்னகை வராமல் இருக்காது.

இதுவும் கைகொடுக்காவிட்டால் ரெக்கவரி மோட், அல்லது யூஎஸ்பியிலிருந்து இயங்கும் லைவ் லினக்ஸ். ரெக்கவரியில் வட்டு பெரும்பாலும் படிக்க மட்டுமே திறந்திருக்கும். எழுதும்படி மறுபடி மவுன்ட் செய்யாமல் எத்தனை திருத்தினாலும் சேமிக்க முடியாது.

உள்ளே நுழைந்தபின்னும் கோப்பை நேரடியாகத் தொடக்கூடாது. விசூடோ முதலில் கோப்பைப் பூட்டி, இன்னொருவர் அதே நேரத்தில் திருத்த வந்தால் பிறகு வரச் சொல்லும். நம்மிடம் கொடுப்பது நகல்தான். எழுதி முடித்ததும் இலக்கணம் பார்த்து, பிழை என்றால் வரி எண்ணைக் காட்டி, அடுத்து என்ன என்று கேட்கும். திரும்பத் திருத்த சின்ன எழுத்து இ, கைவிட சின்ன எழுத்து எக்ஸ். பிழையோடு சேமித்தே தீருவேன் என்பவருக்கு மட்டும் பெரிய எழுத்து க்யூ. பக்கத்திலேயே ஆபத்து என்று எச்சரிக்கை. ஷிஃப்ட் விசையையும் சேர்த்து அழுத்த வேண்டிய அந்தச் சிறு சிரமத்தை யோசித்து வைத்தவருக்கு ஒரு சபாஷ் சொல்லலாம்.

தேர்ந்த கை பிழையான வரியை மட்டும் திருத்தும். ‘சுத்தம் செய்கிறேன்’ என்று ஹாஷ் குறியிட்ட வரிகளையெல்லாம் வெறும் குறிப்புகள் என்று நினைத்து அழிப்பவர்கள் உண்டு. அவற்றில் இன்க்ளூட்டிர் வரி குறிப்பு அல்ல, சூடோயர்ஸ்-டி கோப்புறையையே உள்ளே இழுக்கும் கட்டளை. 1.9.1 முதல் ஹாஷுக்குப் பதில் அட் குறி போடலாம் என்று வந்தது நல்ல மாற்றம். அந்தக் கோப்புறையில் பெயருக்கு நடுவே புள்ளி உள்ள கோப்புகள் சத்தமில்லாமல் தவிர்க்கப்படும் என்பதையும் கைதேர்ந்தவர்கள் மறப்பதில்லை. எரிச்சலில் எல்லாவற்றுக்கும், யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்ற 777 அனுமதி கொடுப்பதைப் பழுதுபார்ப்பு என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

சூடோயர்ஸைத் தொடப் போகிறவர்களுக்கு ஒன்று. தொடங்கும் முன்பே இன்னொரு டெர்மினலில் ரூட் ஷெல் ஒன்றைத் திறந்து வையுங்கள். விசூடோ மைனஸ் சி கொடுத்து எல்லாம் சரி என்று பதில் வந்து, புதிதாகத் திறந்த டெர்மினலில் சூடோ ஒருமுறை ஒழுங்காக இயங்கிய பிறகே அதை மூடுங்கள்.